ஏழு கண்ணாடிக்கு நூற்றைம்பது

கும்பகோணத்தில் கடைக் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவன் நான். இதைச் சொன்னால் பலரும் முதலில் சிரிப்பார்கள். துணியை நனைத்துத் தேய்த்தால் ஆயிற்று, அதெல்லாம் ஒரு தொழிலா என்பார்கள். அவர்கள் வீட்டு பீரோக் கண்ணாடியை ஒரு நாள் அவர்களே துடைத்துவிட்டு, வெயில் விழும்போது தள்ளி நின்று பார்க்கட்டும். மாடு நக்கின மாதிரி கோடு கோடாகத் தெரியும். அதற்குப் பிறகு என்னோடு பேசலாம்.

முதலில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். கண்ணாடியை அளந்து வெட்டுவதும், கடைகளுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துவதும் வேலை. எண்பதுகளில் பெரிய தெருவில் ஒவ்வொரு கடையாக ஷோகேஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை, மருந்துக் கடை, பாத்திரக் கடை, கவரிங் நகைக் கடை, எல்லோருக்கும் தெருவைப் பார்த்துக் கண்ணாடி வேண்டும். வைத்த ஒரே வாரத்தில் புழுதி படிந்து உள்ளே இருப்பது தெரியாமல் போகும். மாட்டியவனையே கூப்பிட்டுத் துடைக்கச் சொல்வார்கள். முதலாளி டீக்காசோடு நிறுத்திக்கொள்வார். ஒரு நாள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தொழிலுக்கு வேண்டிய சாமான் அதிகமில்லை. ஒரு சைக்கிள், இரண்டு வாளி, ஓர் ஏணி, பழைய வேட்டித் துணி, சீமைச் சுண்ணாம்புப் பொடி. சைக்கிள் டியூபை வெட்டி மரச்சட்டத்தில் ஆணி அடித்து ஒரு வழிப்பான் செய்து வைத்திருந்தேன். சுண்ணாம்பைத் தண்ணீரில் தளர்வாகக் குழைத்துக் கண்ணாடி முழுக்கப் பூச வேண்டும். அரைகுறையாகக் காயும்போது ஈரத்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்து, ரப்பரால் வழித்து, செய்தித்தாளால் மெருகேற்ற வேண்டும். அந்த அரைகுறைக் காய்ச்சல்தான் தொழில். முந்தினால் வழியும், பிந்தினால் பிடித்துக்கொள்ளும்.

எனக்குப் பெரிய தொல்லை சுண்ணாம்பு இல்லை, போணி. கும்பகோணத்தில் எந்தக் கடைக்காரரும் முதல் வியாபாரம் ஆகிறவரை கையிலிருந்து காசை வெளியே விடமாட்டார். கடை திறந்த பிறகு வாளியும் கந்தல் துணியுமாக ஒருத்தன் வாசலில் நிற்பதையும் விடமாட்டார், லட்சுமி வரும் வழி என்பார். ஆக, கடைப் பையன்கள் ஷட்டரைத் தூக்கிக் கூட்டிப் பெருக்கும் ஆறரை மணியிலிருந்து கடை திறக்கும் ஒன்பதரைக்குள் நான் வேலையை முடித்தாக வேண்டும். ஒரு நாளில் எனக்கு இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான். அதற்குப் பிறகு ஊரே என் வாடிக்கை என்றாலும் பிரயோசனமில்லை. காசு வாங்குவதோ ஒன்றாம் தேதி மத்தியானம். அது செவ்வாயாகவும் இருக்கக்கூடாது, வெள்ளியாகவும் இருக்கக்கூடாது, விளக்கு வைத்துவிட்டால் அன்றைக்கும் கிடையாது. என்னிடம் காசு கொடுக்க மட்டும் ஆயிரம் சாத்திரம்.

முதல் வருஷம் கடைக்கு மாதம் பதினைந்து ரூபாய் என்று வாங்கி, கேட்டவருக்கெல்லாம் சரி என்றேன். இருபது கடை சேர்ந்தது. மூன்று மணி நேரத்தில் இருபது கடை துடைப்பது துடைப்பில்லை, தடவிக் கொடுப்பது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, போட்டுக்கொண்டு பார் என்றார். அவமானமாக இருந்தது. என் மனைவி அப்போது வெற்றிலை மண்டியில் எண்ணி அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே நூறு எண்ணுவாள், ஓர் இலை பிசகாது. அவள்தான் முப்பதாக ஏற்று என்றாள். பாதிப் பேர் போய்விடுவார்களே என்றேன். பாதிப் பேர் போனாலும் அதே முந்நூறுதானே, கைவலியாவது மிச்சம் என்றாள்.

போனது ஆறு பேர்தான். பதினான்கு கடை முப்பது ரூபாய் விலையில் நின்றது. நானூற்று இருபது ரூபாய். நிதானமாகத் துடைத்தேன், கண்ணாடி பேசியது. ஒரு கடை கூடினாலும் நேரம் போதாது, ஒரு கடை குறைந்தாலும் வாடகை இடிக்கும். அப்படி ஒரு கணக்கில் இரண்டு வருஷம் ஓடியது. அந்த இரண்டு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு தெருக்கோடியில் ஒரு ஜவுளிக்கடை வந்தது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் ஏழு கண்ணாடிகள், நடுவில் கண்ணாடிக் கதவு. தஞ்சாவூரிலேயே அப்படி இல்லை என்றார்கள். யார் கடை என்று விசாரித்தேன். எங்கள் ஊர்ப் பண்ணையின் இளைய பிள்ளை. ஊரில் நாங்கள் சின்னய்யா என்று கூப்பிட்டவர்.

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் முக்கால் மணி தூரம். அப்பா அந்தப் பண்ணையில் வேலை செய்தவர். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஊரில் இரண்டு கொடிக்கம்பங்கள் புதிதாக நின்றன. ஒன்றில் கறுப்பும் சிவப்பும், இன்னொன்றில் சிவப்பு மட்டும். அந்தத் தை மாதம் அறுவடைக்குப் போன ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். கலத்துக்கு ஒரு படி நெல் கூடுதலாகக் கொடுத்தால் அறுப்போம் என்றார்கள். சொன்னவர் எங்கள் அப்பா. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. மூன்று நாள் யாரும் அசையவில்லை. நாலாம் நாள் லாரியில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள், கூடவே கம்புகளோடு சிலரும் வந்தார்கள். அப்பாவின் இடது கை அன்றைக்கு முறிந்தது. அது பிறகு மடங்கவே இல்லை. அடுத்த வருஷம் எல்லா ஊரிலும் கூலி ஏறியது, எங்கள் ஊரிலும் ஏறியது. குடியிருந்த மனைக்குப் பட்டாவும் வந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வரவும் பண்ணைக் குடும்பம் கொஞ்சத்தைச் சொந்தக்காரர்கள் பெயரில் எழுதி, கொஞ்சத்தை விற்று, டவுனுக்கு வந்துவிட்டது. அந்த நிலம்தான் இப்போது ஏழு கண்ணாடியாக நின்றுகொண்டிருந்தது.

கடை திறந்த மறுநாள் சின்னய்யா ஆள் அனுப்பினார். போனேன். வாசலில் என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஊர் ஜனமெல்லாம் செருப்போடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் கால் மட்டும் கேட்கவில்லை. அவர் என்னை அடையாளம் கண்டு, அட நீயாடா என்று சிரித்தார். தினம் வந்து கண்ணாடியைப் பார்த்துக்கொள் என்றார். எவ்வளவு ஆகும் என்று அவரே கேட்டார்.

பதினான்கு கடைக்காரர்களிடம் சைக்கிளில் உட்கார்ந்தபடியே விலை சொன்னவன் நான். அந்தக் கண்ணாடிகளுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்துக்கு நூற்றைம்பதாவது வாங்க வேண்டும் என்று உள்ளே நுழைவதற்கு முன்பே மனதில் போட்டு வைத்திருந்தேன். அது தொண்டை வரை வந்தது. வாயிலிருந்து வெளியே வந்ததோ வேறு.

"நீங்களா பாத்துக் குடுங்கய்யா."

எங்கள் ஊரில் அந்த வீட்டு வாசலில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல் அது. கதிர் அறுத்தாலும், தென்னை ஏறினாலும், கிணற்றில் தூர் எடுத்தாலும் கூலி என்ன என்று அந்த வாசலில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன ஒருவருக்குத்தான் கை முறிந்தது. அவர் பெற்ற பிள்ளை நான். வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு இடம் வேண்டுமே. நாலு சின்னக் கடைகளை விட்டேன். பெரிய இடம், எப்படியும் நூற்றைம்பதுக்குக் குறையாது என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன். ஒன்றாம் தேதி சின்னய்யா கல்லாவிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். நாற்பது ரூபாய். பொங்கலுக்கு வேட்டி எடுத்துத் தருவதாகவும் சொன்னார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். கும்பிட்டேன் என்பதைத்தான் மனைவியிடம் சொல்லவில்லை. நான் விட்ட நாலு கடையையும் வந்த நாற்பதையும் அவள் ஒரு நொடியில் கூட்டிக் கழித்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மாதமும் நாற்பது. அதோடு விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை டீக்கடையில் வாய்விட்டிருக்கிறார். ஆடி மாதம், திங்கட்கிழமை காலை, மருந்துக் கடைக்காரர் என்னை நிறுத்தினார். தெருக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் வாய். நல்ல மனிதர், ஆனால் காசு விஷயத்தில் கறார்.

"ஆள் உயரத்துக்கு மேல ஏழு கண்ணாடிக்கு நாப்பது. என் ஒத்தை ஷோகேஸுக்கு முப்பது. நாங்க என்னப்பா இளிச்சவாயனுங்களா? சனிக்கிழமை ஒண்ணாந்தேதி வருது. அதுக்குள்ள அங்க என்ன ரேட்டுன்னு நிக்கற மாதிரி வந்து சொல்லு. இல்லன்னா தெரு முழுக்கப் பதினஞ்சுதான். பேசி முடிச்சாச்சு."

வழியெல்லாம் கணக்குப் போட்டேன். பத்துக் கடைக்குப் பதினைந்து என்றால் நூற்றைம்பது, ஜவுளிக்கடையின் நாற்பது சேர்த்தால் நூற்றுத் தொண்ணூறு. எழுபத்தைந்து வாடகைக்குப் போய்விடும். அம்மா போன பிறகு அப்பாவும் எங்களோடு இருந்தார். மனைவி வயிற்றில் அஞ்சு மாதம், மண்டியில் எத்தனை நாள் குனிந்து நிற்பாள்? பழையபடி இருபது கடை பிடிக்கலாம் என்றால் அந்த மூன்று மணி நேரத்தை எங்கே போய் இழுப்பது? மிஞ்சினால் ஊருக்குப் போய் நடவுக்கும் அறுப்புக்கும் நிற்க வேண்டும். ஜவுளிக்கடையை மட்டும் விட்டுவிட்டாலும் தீராது. ஏழு கண்ணாடியை நாற்பதுக்குத் துடைத்தவன் என்ற பேச்சு நிற்கும். அந்தக் கடையிலிருந்து, சின்னய்யாவின் வாயிலிருந்து, நூற்றைம்பது என்ற சொல் வெளியே வந்தாக வேண்டும். எனக்கு நாலு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை போனேன். துடைத்து முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்னடா என்றார். ஒன்றுமில்லை ஐயா என்று வந்துவிட்டேன். புதன்கிழமை அவர் கடைக்கு வரவே இல்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து நாள் முழுக்க எரிச்சல் பட்டேன். வியாழக்கிழமை 'ஐயா' என்பது வரை சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நாளைக்குச் சுண்ணாம்பு கூடக் கொண்டுவரட்டுமா என்று கேட்டுவிட்டேன். வாய் எப்படி எப்படியெல்லாம் தப்பிக்கிறது பாருங்கள். ஆமாம், விளம்பரத் தாள் ஒட்டிய பசை முழுக்கப் போக வேண்டும், உள்ளும் புறமும் பளபளவென்று இருக்க வேண்டும் என்றார் அவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆடித் தள்ளுபடி தொடங்கும் நாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது, பதினெட்டாம் பெருக்குக்குத் துணி எடுக்கக் கிராமத்து ஜனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும். ஒன்பதரைக்கு நல்ல நேரம், பத்தரைக்கு ராகுகாலம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் கடை திறந்து போணி ஆக வேண்டும் என்று கணக்குப்பிள்ளை இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்துக் கடையையும் முடித்துக்கொண்டு எட்டரைக்குப் போனேன். பசையைச் சுரண்டினேன். சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, கதவிலும் ஏழு கண்ணாடியிலும் பூசினேன். கடை முழுக்க வெள்ளையாகிவிட்டது. மேல் மூலை மட்டும் பாக்கி, ஏணியில் ஏறினேன். ஆடிக் காற்று ஏணியை ஆட்டியது. வேலையை முடித்துவிட்டு இறங்கி இன்றைக்கு எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். சத்தியமாக வேறு திட்டம் எதுவும் இல்லை.

ஒன்பது மணிக்குச் சின்னய்யா காரில் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார்.

"நாளையிலேர்ந்து வண்டியையும் ஒரு துடை துடைச்சுடுடா. அதுக்குன்னு தனியா என்ன, நீ நம்ம ஆளுதானே."

நம்ம ஆள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேலே இருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. உச்சியில் முடி கொட்டியிருந்த இடம்தான் தெரிந்தது. அந்த வழுக்கையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஐயா, இந்த ஏழு கண்ணாடிக்கு மாசம் நூத்தம்பது ரூபா. காரு துடைக்கறதில்லீங்க."

இறங்கி வந்து பேசு என்றார்.

"இங்கேருந்தே சொல்லிடறேங்கய்யா. இறங்கினா வராது."

அவர் சிரித்தார். கடை திறக்கிற நேரத்தில் பேரம் பேசுகிறாயா, முடித்துவிட்டுப் போ, மாதக் கடைசியில் நானே பார்த்துத் தருகிறேன் என்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்துத் தர வேணாங்கய்யா, தொகையைச் சொல்லிடுங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, காசு கேக்கலை. சொல்லு மட்டும் போதும்."

அப்போதுதான் அவர் கண்ணாடிகளைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளை. சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்கப்பன் கதிர் சாயற வரைக்கும் காத்திருந்து வரப்புல உக்காந்தான். நீ சுண்ணாம்பைப் பூசிட்டு ஏணில உக்காந்திருக்க."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நாற்று நடும்போது உட்கார்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, அறுவடையில் உட்கார்ந்தால்தான் உறைக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. நான் திட்டம் போடவில்லை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளையாகச் சொல்லவில்லை. சின்னய்யாவோ, என் கடையில் ஆள் இல்லையா, போடா என்றார். இறங்கினேன். வாளியையும் ரப்பரையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு எதிரே இருந்த மருந்துக் கடைப் படியில் போய் உட்கார்ந்தேன்.

கடை ஆட்கள் நாலு பேர் ஈரத்துணியோடு வந்தார்கள். அதற்குள் காற்றில் சுண்ணாம்பு இறுகிவிட்டது. போதாததற்கு மிச்சமிருந்த பசை அதோடு கலந்தது. அவர்கள் தேய்க்கத் தேய்க்கப் பாலைக் கொட்டி மெழுகினது போல ஆயிற்று. ஓர் இடத்தில் கொஞ்சம் தெளியும், பக்கத்தில் இரண்டு மடங்கு அப்பும். புடவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைச் சின்னய்யா எல்லோர் முன்னாலும் திட்டினார். அந்தப் பெண் அழுதுகொண்டே துடைத்தது. எழுந்து போய் இப்படிப் பிடி அம்மா என்று காட்ட வேண்டும் போல இருந்தது. போகவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடம் உறுத்துகிறது.

ஒன்பதரை ஆயிற்று. தேங்காய், கற்பூரம் எல்லாம் வாசலில் தயாராக இருந்தன. டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஜனம் வெள்ளையாகக் கிடந்த கண்ணாடியைப் பார்த்து, கடை இன்னும் திறக்கவில்லை போல என்று பேசிக்கொண்டு பக்கத்து ஜவுளிக்கடைக்குப் போனது. பத்து மணி. வண்டி ஏதாவது வந்து நிற்கிறதா, அதிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்களா என்று தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வயல் இல்லை, கடைத்தெரு, பட்டப்பகல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு லாரி வந்ததும் பட்டப்பகலில்தான். மருந்துக் கடைக்காரர் ஒரு சோடாவை உடைத்து என் பக்கத்தில் வைத்தார்.

இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அவர் இப்போது சரி என்றாலும், ராகுகாலத்துக்குள் என்னால் அத்தனையையும் துடைக்க முடியுமா? முடியாவிட்டால் சொன்ன விலைக்கு என்ன மரியாதை? மணி ஆக ஆக அவர் நேரம் மட்டுமில்லை, என் நேரமும் போய்க்கொண்டிருந்தது.

பத்து மணி தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும், சின்னய்யா தெருவைக் கடந்து வந்தார். தானாகவே எழுந்து நின்றுவிட்டேன். தெருவில் பாதிப் பேர் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எவ்வளவு சொன்ன?"

நூற்றைம்பது என்றேன். காதில் விழவில்லை என்றார். மறுபடி சொன்னேன். சத்தமாகச் சொல், தெருவே கேட்கட்டும் என்றார். என்னைக் கூசிக் குறுக வைப்பதற்குத்தான் அப்படிச் செய்தார். ஆனால் மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை, பஸ் ஸ்டாண்டில் ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கண்டக்டரைப் போல வந்தது.

"நூத்தம்பது ரூபா. ஏழு கண்ணாடிக்கு. இந்த மாசத்துக்கே."

"சரி. நூத்தம்பது. வந்து துடை."

ஓடினேன். முதலில் கதவு. மூன்று வாளித் தண்ணீரை விசிறி அடித்து ஊறவிட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அழுத பெண் தானாக வந்து தண்ணீர் மாற்றி மாற்றிக் கொடுத்தது. செய்தித்தாளுக்கு நேரமில்லை, தோளில் கிடந்த துண்டாலேயே மெருகேற்றினேன். கணக்குப்பிள்ளை கையில் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டு, பத்து நிமிஷம், எட்டு நிமிஷம் என்று எண்ணிக்கொண்டே இருந்தார், ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. கடைசிக் கண்ணாடியை வழித்துவிட்டு நகர்ந்தபோது பத்தரைக்கு மூன்று நிமிஷம். தேங்காய் உடைந்தது. ஓர் அம்மாள் தன் பெண்ணுக்குப் பாவாடைத் துணி எடுத்துப் போணி செய்தாள். நான் மருந்துக் கடைக்காரரைப் பார்த்தேன். முப்பதுதான், போ என்பது போலக் கையை ஆட்டினார்.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது நடந்ததையெல்லாம் சொன்னேன். மனைவிக்குச் சந்தோஷத்தில் சோறு போடக் கை ஓடவில்லை. அப்பா வலது கையால் மோரை ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே நின்று கேட்டாய் என்றார். ஏணி மேலே இருந்து என்றேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாங்க பதினாறு பேரு. ஒருத்தனுக்குக்கூட மேல ஏறணும்னு தோணல பாரு. வரப்புல உக்காந்துட்டோம்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று கை கழுவ எழுந்து போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒன்பது கடையில் முப்பது முப்பதாக வாங்கினேன், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் மட்டும் சோடாவுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டு இருபத்தொன்பது கொடுத்தார். கடைசியாக ஜவுளிக்கடைக்குப் போனேன். சின்னய்யா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மூன்று ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும் கொடுக்கவில்லை.

"நாளையிலேர்ந்து வர வேணாம். சம்பளத்துக்கு ஆள் போட்டாச்சு."

நான் இதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஒரு மணி நேரம் காலியாகிறது, அந்த நேரத்தில் விட்ட நாலு கடையைத் திரும்பப் பிடிக்கலாம், முப்பது முப்பதாக நூற்றிருபது என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது. நாற்பதைவிட மூன்று பங்கு. சரிங்கய்யா என்று சொல்லித் தாள்களை எடுத்து, அவர் பார்க்கவே எண்ணி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். கும்பிடவில்லை என்பது பாதித் தூரம் வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன். வழக்கமாக விடும் இடத்தில் இல்லை. தள்ளுபடிக் கூட்டத்தில் எவனோ மாட்டிக்கொண்டு போய்விட்டான் என்று கோபம் வந்தது. குனிந்து படிக்குக் கீழே, செடித் தொட்டிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். நான் துடைத்த கண்ணாடியில் குனிந்து தேடுகிற என் உருவம் முழுசாகத் தெரிந்தது. செருப்பு இரண்டும் என் காலிலேயே இருந்தன.